ட்ரம்பெட் இல்லாத ராஞ்செரா: சாவெலா வர்காஸைக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு

ஒரே பாட்டை இரண்டு பேர் குரலில் கேட்டுவிட்டு இதைப் படித்தால் நல்லது. பாட்டின் பெயர் 'பலோமா நெக்ரா'. கறுப்புப் புறா என்று பொருள். 'ராஞ்செரா' என்ற மெக்சிகப் பாட்டு வகையைச் சேர்ந்தது. எழுதியவர் மெக்சிகோவின் தொமாஸ் மெந்தெஸ். அழுது அழுது களைத்துவிட்டேன், இன்னும் பொழுது விடியவில்லையே என்று தொடங்கும் பாட்டு அது. விட்டுப்போன ஆளைத் திட்டுவதா, மன்னிப்பதா, தேடிக்கொண்டு ஓடுவதா என்று இரவெல்லாம் தவிக்கும் ஒருவரின் புலம்பல்.

முதலில் மெக்சிகப் பாடகி லோலா பெல்த்ரான் பாடியதைக் கேளுங்கள். வயலின்களும் ட்ரம்பெட்டுகளும் சூழ்ந்து நிற்க, நடுவில் அந்தக் கம்பீரமான குரல் எழும்பும். துயரம்தான், ஆனால் தலைநிமிர்ந்து நிற்கும் துயரம். பிறகு இன்னொரு பாடகி, சாவெலா வர்காஸ், பாடியதைக் கேளுங்கள். கிட்டார் மட்டும்தான். குரல் பாடுகிறதா, பேசுகிறதா என்று சில இடங்களில் சொல்ல முடியாது. சில சொற்கள் முழுதாக வெளியே வருவதற்குள் உடைந்துபோகின்றன. பாட்டு அதேதான், வரிகளும் மெட்டும் அவைதான். ஆனால் முதலாவதை நாம் அரங்கில் உட்கார்ந்து கேட்கிறோம். இரண்டாவதைக் கேட்கும்போது, பூட்டிய கதவுக்கு அந்தப்புறம் யாரோ அழுவதைத் தற்செயலாகக் கேட்டுவிட்டது போல இருக்கிறது.

இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமானால், ராஞ்செரா என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

'ராஞ்சோ' என்றால் ஸ்பானிஷில் பண்ணை, நாட்டுப்புறக் குடியிருப்பு. 'கன்சியோன் ராஞ்செரா' என்பது பண்ணைப் பாட்டு, நாட்டுப்புறத்துப் பாட்டு. ஆனால் பெயரில்தான் கிராமம். இன்று நாம் அறியும் ராஞ்செரா வளர்ந்தது நகரத்தில். 1910-இல் வெடித்த மெக்சிகப் புரட்சி பத்து ஆண்டுகள் நாட்டைப் புரட்டிப் போட்டது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் ஏராளமானோர் கிராமங்களைவிட்டு மெக்சிகோ நகரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். புதிய அரசும் 'மெக்சிகத்தன்மை' என்று சுட்டிக்காட்ட ஓர் அடையாளத்தைத் தேடிக்கொண்டிருந்தது. 1930-இல் எக்ஸ்.ஈ.டபிள்யூ. வானொலி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1936-இல் 'அயா என் எல் ராஞ்சோ கிராந்தே' என்ற திரைப்படம் வந்தது. அகன்ற தொப்பியும் வெள்ளிப் பொத்தான்கள் வைத்த இறுக்கமான குதிரைவீரர் உடையும் அணிந்த நாயகன் பாடினான், நாடே கேட்டது. அந்த உடைக்குச் 'சார்ரோ' உடை என்று பெயர். ஹோர்ஹே நெக்ரெட்டே, பெட்ரோ இன்ஃபான்டே போன்ற பாடகர்-நடிகர்கள் அந்த உருவத்தை ஸ்பானிஷ் பேசும் உலகெங்கும் கொண்டுசென்றார்கள். ஊரைவிட்டு வந்தவர்கள், தாங்கள் விட்டுவந்த ஊரைப் பற்றி, நகரத்து வானொலியில் கேட்ட பாட்டு ராஞ்செரா. அதனால்தான் அதில் எப்போதும் ஓர் ஏக்கம் ஒட்டியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

மெக்சிகோவில் 'கொர்ரிதோ' என்று இன்னொரு பாட்டு வகை உண்டு. புதிதாகக் கேட்பவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கம். கொர்ரிதோ கதைப்பாட்டு. ஒரு வீரன், ஒரு கொள்ளைக்காரன், ஒரு சண்டை, ஒரு குதிரை என்று யாரையோ, எதையோ பற்றிச் சொல்லும். ராஞ்செராவில் பெரும்பாலும் 'நான்' தான் பேசும், அதுவும் 'நீ' என்ற ஒருவரைப் பார்த்து. நீ போய்விட்டாய், நான் குடிக்கிறேன். நீ திரும்பி வா. நீ வராவிட்டாலும் நான் ராஜாதான். இந்த நேருக்கு நேர் பேச்சுதான் ராஞ்செராவின் உயிர். சாவெலா செய்தது என்ன என்று புரிந்துகொள்ள இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தாளம் எளிமையானது. முக்கியமாக மூன்று நடைகள் உண்டு. இரண்டு எண்ணிக்கையில் ஓடும் போல்கா நடையில் தொம்-சக், தொம்-சக் என்று கேட்கும். மூன்று எண்ணிக்கை வால்ட்ஸ் நடை தொம்-சக்-சக். மூன்றாவது, நான்கு எண்ணிக்கையில் மெதுவாக இழையும் பொலேரோ நடை. அந்த 'தொம்' வருவது கித்தாரோன் என்ற பெரிய வயிறு கொண்ட கிட்டாரிலிருந்து. அதை வாசிப்பவர் பெரும்பாலும் ஒரே சுரத்தின் மேல்நிலை, கீழ்நிலைத் தந்திகள் இரண்டையும் சேர்த்து இழுப்பார். கனமான ஒலி கிடைக்கும். 'சக்' வருவது விவேலா என்ற ஐந்து தந்திச் சிறு கருவியிலிருந்தும் கிட்டார்களிலிருந்தும். மேலே வயலின்கள், ட்ரம்பெட்டுகள். இந்தக் குழுவுக்குத்தான் மரியாச்சி என்று பெயர். மேற்கு மெக்சிகோவின், குறிப்பாக ஹலிஸ்கோ மாநிலத்தின் மண்ணில் வளர்ந்த மரபு அது. 2011-இல் யுனெஸ்கோ இதை மானுடத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகப் பட்டியலிட்டது.

மரியாச்சி தொடக்கத்தில் தந்திக் கருவிகளின் குழுவாகவே இருந்தது. ட்ரம்பெட் அதில் நிலைபெற்றது வானொலியும் சினிமாவும் வந்த பிறகுதான். இன்று ட்ரம்பெட் இல்லாத மரியாச்சியை நினைத்துப் பார்ப்பதே கடினம், ஆனால் அது பின்னால் வந்து சேர்ந்த உறவினர்தான்.

ட்ரம்பெட் என்ன செய்கிறது என்று கவனித்துக் கேளுங்கள். பாடகர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் அது நுழையும். வரியில் சொன்ன வலியை அது ஒருமுறை திருப்பிச் சொல்லும், அலங்கரிக்கும், அடுத்த வரிக்கு மேடை போட்டுத் தரும். இடைவெளி என்று ஒன்று மிஞ்சாது. இப்படிப்பட்ட குழுவின் முன்னால் நிற்பவருக்குப் பெரிய குரல் வேண்டும். வரியின் கடைசிச் சுரத்தை நீட்டிப் பிடித்து, இறுதியில் வழுக்கிக் கீழே இறக்கும் பாணியும் இதோடு சேர்ந்து பழகியது. கேட்பவர்களும் சும்மா இருப்பதில்லை. உணர்ச்சி பொங்கும் இடத்தில் "ஆய், ஆய், ஆய்ய்" என்று நீளமாகக் கூவுவார்கள். அதற்குப் பெயர் 'க்ரீத்தோ'. பாதி அழுகை, பாதிச் சிரிப்பு. ராஞ்செரா கூட்டத்தோடு சேர்ந்து அழும் கலை.

இந்தக் கலைக்குக் குரலின் முரட்டுத்தனத்தைத் தந்தவர் ஒரு பெண். குவாதலஹாராவில் பிறந்த லூச்சா ரேயஸ், முதலில் மெல்லிய உச்சக்குரலில் பாடப் பயின்றவர். 1920-களின் பிற்பகுதியில் ஐரோப்பியப் பயணத்தின்போது நோயுற்றுக் குரலை இழந்தார். குரல் திரும்பி வந்தபோது அது கரகரத்துக் கனத்திருந்தது. அந்தக் குரலை அவர் மறைக்கவில்லை. அதைக் கொண்டே கத்தி, அழுது, சவால்விட்டுப் பாடினார். ராஞ்செராவில் பெண்கள் பாடும் 'பிராவியா' பாணி, அதாவது அடங்காத பாணி, அவரிடமிருந்து வருகிறது. 1944-இல், 38 வயதில் இறந்துபோனார். லோலா பெல்த்ரானின் கம்பீரத்துக்கும் சாவெலாவின் உடைசலுக்கும் முன்னால் நிற்பது இந்தக் குரல்தான்.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். ஹோசே அல்ஃப்ரெடோ ஹிமெனெஸ். 1926-இல் குவானாஹுவாட்டோ மாநிலத்து டோலோரெஸ் ஹிதால்கோ என்ற ஊரில் பிறந்தவர். உணவகத்தில் பரிமாறினார், முதல்தரக் கால்பந்துக் குழுவில் கோல்கீப்பராக இருந்தார். இசைக்கருவி எதுவும் வாசிக்கத் தெரியாது, இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. மெட்டைச் சீட்டியடித்தோ பாடியோ காட்டுவார், மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். 'எல் ரே', 'எயா', 'உன் முந்தோ ராரோ', 'என் எல் உல்திமோ த்ராகோ' என்று நூற்றுக்கணக்கான பாட்டுகள் அப்படிப் பிறந்தன. அன்றாடப் பேச்சுக்கு மேல் ஒரு சொல் இருக்காது. தோற்றுப்போனவன் மதுக்கடையில் பக்கத்து நாற்காலிக்காரனிடம் சொல்வது போலவே இருக்கும். 1973-இல் இறந்தார். அவரும் சாவெலாவும் மெக்சிகோ நகரத்துக் கரிபால்தி சதுக்கத்தில், மரியாச்சிக் குழுக்கள் கூடும் இடத்தில் உள்ள தெனாம்பா மதுக்கூடத்தில் விடிய விடியக் குடித்த தோழர்கள். அவர் எழுதியதை அவர் எழுதிய நிலையிலேயே பாடியவர் சாவெலா என்பது என் எண்ணம்.

இசபெல் வர்காஸ் லிசானோ 1919 ஏப்ரல் 17 அன்று கோஸ்டா ரிக்காவில் பிறந்தார். 'சாவெலா' என்பது இசபெலின் செல்லப்பெயர். பதின்பருவத்திலேயே தனியாக மெக்சிகோவுக்கு வந்து சேர்ந்தார். நீண்ட காலம் தெருக்களிலும் மதுக்கூடங்களிலும் பாடினார். முதல் இசைத்தட்டு வந்தது 1961-இல், வயது நாற்பதைத் தாண்டிய பிறகு.

அந்தக் காலத்து ராஞ்செராப் பாடகிக்கு மேடை உடை என்று ஒன்று இருந்தது: பூவேலைப்பாடு செய்த அகன்ற பாவாடை, ரிப்பன் பின்னிய சடை, நகைகள். சாவெலா கால்சட்டை போட்டார், தலைமுடியை இழுத்துக் கட்டினார், தோளில் சிவப்பு 'ஹொரோங்கோ' போர்த்தினார். நடுவில் தலை நுழையத் துளை விட்ட, நாட்டுப்புற ஆண்கள் அணியும் கம்பளிப் போர்வை அது. சுருட்டுப் பிடித்தார். இதெல்லாம் கவனத்தை ஈர்க்கச் செய்த வேடம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் பாடிய விதத்தையும் உடுத்திய விதத்தையும் ஒரே எண்ணம்தான் செதுக்கியது: தேவையில்லாததை எடுத்துவிடு.

முதலில் மரியாச்சியை எடுத்தார். ஒன்றிரண்டு கிட்டார் போதும் என்றார். தொடக்க காலப் பதிவுகளில் அவருக்கு வாசித்த அன்டோனியோ பிரிபியெஸ்காவின் கிட்டாருக்கு 'அழும் கிட்டார்' என்றே பெயர். ட்ரம்பெட் போனதும் இரண்டு காரியங்கள் நடந்தன. வரிக்கும் வரிக்கும் நடுவே மௌனம் வந்தது. சொன்ன சொல்லை யாரும் அலங்கரிக்கவில்லை. அது அப்படியே தொங்கி நிற்கிறது, நாம் அதோடு தனியாக இருக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது, குரல் இனி எதையும் வெல்ல வேண்டியதில்லை. முணுமுணுக்கலாம், மூச்சை மட்டும் விடலாம், திடீரென்று கத்தலாம். மரியாச்சியின் முன்னால் முணுமுணுப்பு எடுபடாது. கிட்டாரின் முன்னால் முணுமுணுப்பிலிருந்து கத்தல் வரையுள்ள தூரம் முழுவதும் பாடகியின் கைக்கு வந்துவிடுகிறது.

அடுத்து வேகத்தை எடுத்தார். ராஞ்செராவின் தொம்-சக் நடையில் எவ்வளவு சோகமான பாட்டுக்கும் காலைத் தட்டலாம், ஆடக்கூட ஆடலாம். சாவெலா தாளத்தை இழுத்து இழுத்து, ஆட முடியாத இடத்துக்குக் கொண்டுபோனார். அவர் பாடும்போது கிட்டாரைக் கவனியுங்கள். அது அவரை நடத்திச் செல்வதில்லை, அவருக்காகக் காத்திருக்கிறது. தாளம் விழுந்த பிறகு தாமதமாக வந்து சேர்வார், வரியின் பாதியைப் பாடுவார், மீதியைப் பேசிவிடுவார். 'என் எல் உல்திமோ த்ராகோ' பாட்டில் பிரியப்போகும் இருவர் கடைசிக் கோப்பையைச் சேர்ந்து குடிக்கிறார்கள். மற்றவர்கள் பாடும்போது அது எல்லோரும் கோப்பையை உயர்த்திச் சேர்ந்து பாடும் பாட்டு. சாவெலா பாடும்போது அந்தக் கோப்பை தீரவே கூடாது என்று ஒருவர் சொட்டுச் சொட்டாகக் குடிப்பது கேட்கிறது.

மூன்றாவது விஷயத்தில் அவர் எதையும் மாற்றவில்லை, மாற்றாததுதான் புரட்சி. தமிழில் 'வந்தான்', 'வந்தாள்' என்று வினைமுற்றிலேயே பால் தெரிந்துவிடும். ஸ்பானிஷில் பிரதிப்பெயரிலும் பெயரடையிலும் தெரிந்துவிடும். ராஞ்செராப் பாட்டுகளில் பெரும்பாலானவை ஆண்கள் எழுதியவை, பெண்ணைப் பார்த்துப் பாடுபவை. பாடகிகள் பாடும்போது 'அவள்' என்பதை 'அவன்' என்று மாற்றிப் பாடுவது வழக்கம். சாவெலா மாற்றவில்லை. பெண்ணைப் பார்த்து எழுதிய பாட்டைப் பெண்ணைப் பார்த்தே பாடினார். 1950, 60-களின் மெக்சிகோவில், அதுவும் ஆண்மையின் முத்திரையாகக் கருதப்பட்ட ஒரு இசை வகையில். ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியைச் சேர்ந்த கவிஞர் அல்ஃபோன்சோ காமீன் ஒரு கியூபப் பெண்ணைப் பற்றி எழுதிய கவிதைக்குச் சாவெலாவே மெட்டமைத்து 'மக்கொரீனா' என்ற பாட்டாக்கினார். உன் கையை இங்கே வை, மக்கொரீனா என்று திரும்பத் திரும்ப வரும் வரியை அவர் பாடும்போது எதுவும் ஒளிவுமறைவாக இல்லை. ஆனாலும் தாம் பெண்களை நேசிப்பவர் என்று வெளிப்படையாக அறிவித்தது 2000-இல், 81 வயதில்தான். கேட்கத் தெரிந்தவர்களுக்குப் பாட்டு அதை முன்பே சொல்லியிருந்தது.

ராஞ்செராவின் உயிர், 'நான்' ஒருவர் 'நீ' ஒருவரிடம் பேசுவது என்று மேலே சொன்னேன். சுற்றியிருந்ததை எல்லாம் எடுத்துவிட்டுச் சாவெலா மிச்சம் வைத்தது அதை மட்டும்தான். அந்த 'நான்' யார், அந்த 'நீ' யார் என்பதிலும் பொய் சொல்ல மறுத்தார்.

மரியாச்சி இல்லாமல் இது ராஞ்செராவே ஆகாது என்று சொல்லும் ரசிகர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. கூட்டமாகக் கூவி, கூட்டமாக ஆறுதல் பெறும் அனுபவம் ராஞ்செராவில் உண்மையானது. சாவெலாவிடம் அது குறைவு. ஆனால் ட்ரம்பெட்டே பின்னால் வந்ததுதான் என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரு கிட்டாரும் ஒரு குரலும் அதற்கு முன்பிருந்தே இருக்கின்றன. எனவே சாவெலா செய்த புதுமையைப் பழைய இடத்துக்குத் திரும்பிய பயணம் என்றும் சொல்லலாம்.

குடி அவரை விழுங்கியது. 1970-களின் பிற்பகுதியிலிருந்து மேடையைவிட்டு மறைந்துபோனார். இறந்துவிட்டார் என்றே பலர் நம்பினார்கள். குடியைவிட்டு மீண்டு, 1991-இல் மெக்சிகோ நகரத்தின் கொயோவாக்கான் பகுதியில் 'எல் ஆபிட்டோ' என்ற சிறு அரங்கில் மறுபடி பாடினார். வயது 72.

புதிதாகக் கேட்பவர்கள் எந்தக் காலத்துப் பதிவில் தொடங்குவது என்று கேட்டால், இந்த இரண்டாம் வாழ்வின் பதிவுகளைத்தான் நான் சொல்வேன். 1960-களின் பதிவுகளில் குரல் வலுவாக, ஆழமாக இருக்கிறது, அழகுதான். ஆனால் எழுபது வயதுக்குப் பிறகு குரலின் எல்லை சுருங்கிவிட்டது. உயரச் சுரங்களுக்குப் போக முடியாத இடத்தில் அவர் பேசுகிறார். பேச முடியாத இடத்தில் மூச்சு மட்டும் வருகிறது. இந்தக் குறையை அவர் மறைக்க முயலவே இல்லை. லூச்சா ரேயஸ் உடைந்த குரலோடு மேடையேறியது போலவே ஏறினார். அழுது களைத்துவிட்டேன் என்று எழுபது வயதுப் பெண்மணி பாடும்போது அந்தச் சொல்லின் எடையே வேறு. எத்தனை இரவுகளின் களைப்பு அது என்று குரலே சொல்லிவிடுகிறது.

ஸ்பெயின் அவரைக் கொண்டாடியது. இயக்குநர் பெத்ரோ அல்மோதோவார் தம் படங்களில் அவர் குரலைப் பயன்படுத்தினார், மேடையில் அவரை அறிமுகப்படுத்தினார். 2003-இல் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் முதன்முதலாகப் பாடியபோது சாவெலாவுக்கு 80 வயது எப்போதோ கடந்திருந்தது. 2012 ஆகஸ்ட் 5 அன்று குவெர்னவாக்கா நகரில், 93 வயதில் காலமானார்.

நான் அவரை முதலில் கேட்டது 'லா யோரோனா' பாட்டில். அழுபவள் என்று பொருள். கண்டிப்பாகப் பார்த்தால் அது ராஞ்செரா அல்ல. தெற்கே ஓஹாக்கா மாநிலத்தின் தெஹுவான்தெபெக் பகுதியோடு சேர்ந்த பழைய பாட்டு. யார் எழுதியது என்று தெரியாது. ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய அடிகளைச் சேர்த்துப் பாடுவார்கள். சாவெலா அதைத் தம் ராஞ்செரா முறையிலேயே பாடினார். தொடக்கத்தில் கிட்டாரின் சில சுரங்கள், கிட்டத்தட்டப் பேச்சாகவே சில வரிகள். ஒவ்வோர் அடியிலும் ஒரு படி ஏறுகிறார். கடைசியில் அந்த முதிய குரல் "யோரோனா" என்று கிழிந்து எழும்போது, அதுவரை அவர் எவ்வளவு அடக்கி வைத்திருந்தார் என்று நமக்குப் புரிகிறது. அன்று அதற்குப் பிறகு வேறு எந்தப் பாட்டையும் கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஓவியர் ஃப்ரீதா காலோவின் வாழ்வைப் பற்றி 2002-இல் வந்த 'ஃப்ரீதா' படத்தில் சாவெலாவே தோன்றி இதைப் பாடுவார். இளமையில் ஃப்ரீதாவின் கொயோவாக்கான் வீட்டில் தங்கிப் பழகியவர் அவர் என்பது தெரிந்தால் அந்தக் காட்சி இன்னும் கனமாகும்.

அவருக்குப் பிறகு ராஞ்செராவைப் புதிதாகப் பாட நினைக்கும் எவரும் அவரைக் கடந்துதான் போக வேண்டியிருக்கிறது. ஓஹாக்காவில் பிறந்த லீலா டவுன்ஸ் 'பலோமா நெக்ரா'வைப் பாடும்போது சாவெலா எடுத்துவைத்த மௌனங்கள் அங்கங்கே கேட்கின்றன. ஆனால் லீலாவின் குரல் பெரியது, வீச்சு மிகுந்தது; போகும் வழி அவருடையதுதான்.

சாவெலாவின் கடைசி ஆண்டுகளில் அவருடன் வாசித்த இரண்டு கிட்டார் கலைஞர்கள் உண்டு: மிகேல் பெஞ்ஞா, ஹுவான் கார்லோஸ் அயெந்தே. 'மக்கொரீனா' பாட்டின் நினைவாக 'லோஸ் மக்கொரீனோஸ்' என்று அழைக்கப்பட்டார்கள். 2017-இல் நத்தாலியா லஃபூர்காதே என்ற இளைய தலைமுறைப் பாடகி 'முசாஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டபோது உடன் வாசித்தவர்கள் இவர்கள்தான். நத்தாலியாவின் குரல் மென்மையானது, இளமையானது, சாவெலாவுக்கு எதிர்முனை. 'பலோமா நெக்ரா'வையும் 'லா யோரோனா'வையும் கேட்டு முடித்த பிறகு அந்தத் தொகுப்பை எடுங்கள். கிட்டார்களை மட்டும் பின்தொடருங்கள். பாடகிக்காகக் காத்திருக்கப் பழகிய அதே விரல்கள் அங்கேயும் காத்திருக்கின்றன.